உதிரப்பட்டி எங்கே?

ஊரின் ஆநிரையை மீட்கப் போய் மடிந்தவனுக்கு நம் முன்னோர் இரண்டு காரியம் செய்தார்கள். அவன் பெயரையும் உருவத்தையும் பொறித்துக் கல் நட்டார்கள். அவன் வீட்டாருக்கு நிலம் விட்டார்கள். அந்த நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். நெய்த்தோர்ப்பட்டி என்றும் கல்வெட்டுகள் சொல்லும். சிந்திய இரத்தத்துக்கு ஊர் எழுதிக் கொடுத்த காணி அது. செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. கல்லைக் கும்பிட்டால் மட்டும் கடன் தீராது, போனவன் வீட்டில் அடுப்பும் எரிய வேண்டும் என்பது அன்று ஊரறிந்த நியாயம்.

கல் நடுவதில் நாம் இன்றும் குறை வைப்பதில்லை. ஜூலை 26 கார்கில் வெற்றி நாளில் மாலை வைக்கிறோம். டிசம்பர் 7 கொடிநாளில் சட்டையில் கொடி குத்திக்கொள்கிறோம். 1999-ல் படாலிக்கில் வீழ்ந்த மேஜர் சரவணனையும், 2014 ஏப்ரல் 25 அன்று சோபியானில் வீழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனையும், 2020 ஜூனில் கல்வானில் வீழ்ந்த ராமநாதபுரத்து ஹவில்தார் பழனியையும் தமிழ்நாடு தன் பிள்ளைகளாகவே நினைத்து அழுதது. முகுந்தின் வாழ்வைச் சொன்ன ‘அமரன்’ படத்தைப் பார்த்துக் கண்கலங்கி வெளியே வந்தவர்களில் நாமும் உண்டு. அந்தக் கண்ணீர் உண்மையானது. அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. நம் கேள்வி அந்தக் கண்ணீர் காய்ந்த பிறகு நடப்பதைப் பற்றியது. உயிரோடு திரும்பி வந்தவனுக்கும், திரும்பாதவனின் மனைவிக்கும் இந்த அரசுகள் விட்ட உதிரப்பட்டி எங்கே?

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரியிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்போம். தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என்று வழங்கி, பிறகு தென்னேரி ஆனது என்று ஊர்ப்பெயர் ஆய்ந்தோர் சொல்லும் ஊர் அது. ஏரித் தண்ணீரை நம்பி நெல் போடும் இத்தகைய கிராமங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போகிறவன் பெரும்பாலும் சின்ன விவசாயியின் மகன், அல்லது கூலிக்காரரின் மகன். பதினெட்டு, இருபது வயதில் போகிறான். பதினைந்து முதல் இருபது ஆண்டு சேவை முடித்து நாற்பதை ஒட்டி டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்புகிறான். மற்ற அரசு ஊழியர் பதவி உயர்வை எதிர்பார்த்திருக்கும் வயது அது. பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வயது, பெற்றோருக்கு மருந்துச் செலவு கூடும் வயது. பட்டாளத்துக்கு எப்போதும் இளமை வேண்டும் என்பதற்காக நாடு அவனை அந்த வயதில் வீட்டுக்கு அனுப்புகிறது. அவன் உழைக்க மறுத்து வந்தவனல்ல.

வந்தவனுக்குக் காத்திருக்கும் வேலை என்ன? ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் வரிசையாக நிற்கும் தொழிற்சாலைகளின் வாயிலில் செக்யூரிட்டி வேலை. அந்த வேலையில் இழிவு ஏதுமில்லை. ஆனால் பீரங்கியைப் பழுது பார்க்கத் தெரிந்தவன், பனிமலையில் தொலைத்தொடர்புக் கம்பி இழுத்தவன், நூறு பேருக்குச் சோறும் வண்டியும் கணக்குத் தவறாமல் ஏற்பாடு செய்தவன் என எல்லோருக்கும் ஒரே வேலைதான் உண்டு, அதுவும் கேட் திறந்து மூடுவதுதான் என்றால், அது நாட்டின் வீண்செலவு. மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடும், ‘டி’ பிரிவில் 20 விழுக்காடும் முன்னாள் படைவீரருக்கு என்று ஒதுக்கீடு இருக்கிறது. 2021 ஜூன் நிலவரப்படி, கணக்குக் கொடுத்த மத்திய அரசுத் துறைகளில் ‘சி’ பிரிவில் இருந்த முன்னாள் வீரர்கள் 1.29 விழுக்காடு, ‘டி’ பிரிவில் 2.66 விழுக்காடு. 77 துறைகளில் 34 துறைகள் மட்டுமே கணக்குக் கொடுத்தன. மீதித் துறைகள் அதைக்கூடச் செய்யவில்லை. காகிதத்தில் பத்து, கையில் ஒன்று. இதற்குப் பெயர் ஒதுக்கீடு அல்ல, ஏமாற்று.

அடுத்தது காகிதம். இதன் வலியைப் பட்டாளத்து வீட்டுப் பெண்களிடம் கேட்டால்தான் தெரியும். கணவர் மதராஸ் ரெஜிமென்ட் என்றால் ஆவணம் வெலிங்டனில் இருக்கும், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல் என்றால் ஜபல்பூர், ஈ.எம்.ஈ. என்றால் செகந்திராபாத், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. ஓய்வூதியம் போடுவது பிரயாக்ராஜ். திருமணமான சமயத்தில் ‘பார்ட் டூ ஆர்டர்’ எனப்படும் பதிவில் மனைவி பெயர் ஏறாமல் போயிருந்தால், அல்லது டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஓர் எழுத்தும் ஆதாரில் வேறோர் எழுத்தும் இருந்தால், கணவர் கண்மூடிய பிறகு அந்தப் பெண் தான் அவர் மனைவிதான் என்று நிரூபிக்க அலைய வேண்டும். தமிழ்ப் பெயரைக் கேட்டு வேற்று மொழிக்காரர் எழுதிய எழுத்துப் பிழைக்கு, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிராமத்துப் பெண் அபராதம் கட்டுகிறாள். ஓய்வூதியம் எல்லாம் இப்போது ‘ஸ்பார்ஷ்’ என்ற இணைய முறைக்கு மாறிவிட்டது. பணம் இடையில் யாரும் கைவைக்காமல் வரும் நன்மை அதில் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் லைஃப் சர்டிபிகேட் ஏறாவிட்டால் பணம் நிற்கும். நின்ற பணத்தைத் திரும்பப் பெற இயந்திரத்தோடு பேச வேண்டும். எண்பது வயதில் விரல்ரேகை தேய்ந்தவர்கள் எந்த இயந்திரத்தோடு பேசுவார்கள்?

நோய் வந்தால் பாடு இன்னும் பெரிது. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரலில் தொடங்கியது. நல்ல திட்டம், பல உயிர்களைக் காத்த திட்டம். என்றாலும் அரசு பாக்கி வைத்ததால் பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகள் முன்னாள் வீரர்களைத் திருப்பி அனுப்பிய செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்தபடி இருக்கின்றன. ராணுவ மருத்துவமனை என்றால் தென்னேரிக்காரர் பரங்கிமலை வரை போக வேண்டும். நெஞ்சுவலியோடு இருப்பவரைப் பார்த்து, உன் கார்டு செல்லாது என்று சொல்லும் நிலைமையை உண்டாக்கியது பாக்கி வைத்த கஜானா. அந்தப் பழியை மருத்துவமனைமேல் மட்டும் போட்டுவிட்டு அரசு ஒதுங்க முடியாது.

இவையெல்லாம் நிர்வாகக் கோளாறு, மெல்லச் சரியாகும் என்று சிலர் சொல்லலாம். கோளாறுக்கு அடியில் ஒரு மனப்பான்மை இருக்கிறது. அதைத்தான் நாம் குற்றம் என்கிறோம். முன்னாள் வீரருக்குக் கொடுப்பதைத் தன் தயவு என்று ஆட்சி நினைக்கிறது. இந்த நினைப்பைச் சட்டம் என்றோ தள்ளுபடி செய்துவிட்டது. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில், ஓய்வூதியம் அரசின் கருணைக் கொடை அல்ல, உழைத்தவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. அந்தத் தேதியைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். உரிமை என்று தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் படைவீரர் ஒவ்வொரு ரூபாய்க்கும் மன்றாட வேண்டியிருக்கிறது.

‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ கதை இதற்குச் சாட்சி. ஒரே பதவியில், ஒரே அளவு காலம் சேவை செய்த இருவரில், முன்பு ஓய்வு பெற்றவருக்குக் குறைவாகவும் பின்பு ஓய்வு பெற்றவருக்குக் கூடுதலாகவும் கொடுப்பது நியாயமா என்பதே கேள்வி. 1973-ல் மூன்றாவது ஊதியக் குழுவின் காலத்தில் படைவீரருக்கு இருந்த பழைய ஓய்வூதிய முறை கைவிடப்பட்டது. அதிலிருந்து தொடங்கிய முறையீடு இது. பகத்சிங் கோஷியாரி தலைமையில் மாநிலங்களவைக் குழு 2011 டிசம்பரில் இந்தக் கோரிக்கை நியாயமானது என்று அறிக்கை தந்தது. ஆட்சிகள் மாறின, வாக்குறுதிகள் வந்தன, ஆணை வரவில்லை. 2015 ஜூனில் முதியவர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். சுதந்திர நாளுக்கு முந்தின நாள், ஆகஸ்ட் 14 அன்று, போலீசார் அவர்களை அங்கிருந்து இழுத்து அகற்ற முற்பட்டனர். மார்பில் பதக்கம் அணிந்த கிழவர்களின் சட்டை கிழிந்த படங்களை நாடே பார்த்தது. ஆணை 2015 நவம்பர் 7 அன்று வந்தது; 2014 ஜூலை 1 முதல் கணக்கு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்துவோம் என்று அரசே எழுதிக் கொடுத்தது. 2019 ஜூலையில் வரவேண்டிய முதல் திருத்தத்துக்கு 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அப்போதும் நிலுவை கைக்கு வரவில்லை. கடைசியில் 2023 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றமே தேதி குறித்தது: குடும்ப ஓய்வூதியருக்கும் வீரப் பதக்கம் பெற்றவருக்கும் ஏப்ரல் 30, எழுபது வயது கடந்தவருக்கு ஜூன் 30, மற்றவருக்குத் தவணை முறையில் 2024 பிப்ரவரிக்குள். எழுபதைத் தாண்டியவர் காத்திருக்க முடியாது என்பதை ஓர் அரசுக்கு நீதிமன்றம் சொல்லித்தர வேண்டியிருந்தது. இதைவிட வெட்கம் வேறென்ன?

அமெரிக்காவுக்கும் இப்படி ஒரு வெட்கம் நேர்ந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய வீரர்கள், தங்களுக்கு வாக்களித்த தொகையை முன்கூட்டித் தரக் கேட்டு 1932-ல் ஆயிரக்கணக்கில் வாஷிங்டனில் கூடாரம் போட்டார்கள். ஜூலை 28 அன்று அவர்கள் நாட்டுப் படையே அவர்களைக் கண்ணீர்ப்புகை வீசி விரட்டி, குடிசைகளுக்குத் தீ வைத்தது. அந்த நாடு அந்தக் கறையை மறக்கவில்லை. அடுத்த போர் முடிவதற்கு முன்னமேயே, 1944 ஜூன் 22 அன்று, திரும்பி வரும் வீரனுக்குப் படிப்பும் வீட்டுக் கடனும் சட்டமாகவே கிடைத்தன. 1956-க்குள் ஏறத்தாழ 78 லட்சம் பேர் அந்தச் சட்டத்தால் படித்தார்கள், தொழில் கற்றார்கள். அந்த நாட்டின் நடுத்தர வர்க்கமே அதில் வளர்ந்தது. செய்த தவறிலிருந்து சட்டம் பிறந்தது அங்கே. ஜந்தர் மந்தரிலிருந்து நாம் என்ன சட்டம் இயற்றினோம்?

உடல் ஊனப்பட்டு வந்தவரின் கதை இதைவிடக் கசப்பு. உடலைச் சோதித்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதி வாங்கித்தான் படையில் சேர்க்கிறார்கள். பனியிலும் பாலைவனத்திலும் இருந்துவிட்டு இரத்தக் கொதிப்போடும் மனச்சிதைவோடும் வந்தால், இது சேவையால் வந்ததல்ல என்று மறுக்கிறார்கள். சேரும்போது இல்லாத நோய் சேவையில்தான் வந்தது என்று கொள்ள வேண்டும், மறுக்கும் பொறுப்பு அரசுடையது என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் ராணுவத் தீர்ப்பாயத்தில் வென்ற சிப்பாய்க்கு எதிராக அரசு மேல்முறையீட்டுக்குப் போவது ஓயவில்லை. ஊன ஓய்வூதியம் பற்றிய சுமார் 880 மேல்முறையீடுகளை 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் தள்ளுபடி செய்தது. ஒரு பக்கம் நாட்டின் கஜானாவும் அதன் வழக்கறிஞர்களும். மறுபக்கம் கால் இழந்த ஒரு கிராமத்தான். இந்தச் சண்டையில் அரசு வென்றாலும் அது தோல்விதான்.

இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பதினைந்து ஆண்டு நிறையாமல் அனுப்பப்பட்டதால் ஓய்வூதியமே இல்லாதவர்கள். அவர்களில் 65 வயது கடந்த ஏழைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை இருந்தது. 2025 நவம்பர் முதல் அது 8,000 ஆயிற்று. இரட்டிப்பாக்கியதை வரவேற்கிறோம். ஆனால் இந்தப் பணம் கொடிநாள் நிதியைச் சார்ந்த நலநிதியிலிருந்து வருகிறது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் கடைக்காரர்களும் போட்ட காசு அது. மக்கள் தருவது மக்களின் அன்பு. பசித்த வீரனுக்குச் சோறு போடுவது அரசின் கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்பிக்கக் கூடாது. அந்த 8,000 ரூபாய் நாட்டின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து, உரிமையாக வர வேண்டும்.

இந்த மனப்பான்மையின் முற்றிய வடிவம்தான் 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டம். அதில் சேரும் அக்னிவீரருக்கு நான்கு ஆண்டு சேவை. நூறு பேரில் இருபத்தைந்து பேருக்கு மட்டும் நிரந்தரம். மற்ற எழுபத்தைந்து பேருக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவாநிதியும் ஒரு கும்பிடும். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, ஈ.சி.எச்.எஸ். இல்லை, முன்னாள் படைவீரர் என்ற பெயர்கூட இல்லை. பணியில் உயிர் விட்டால் காப்பீடும் கருணைத்தொகையும் உண்டு. குடும்ப ஓய்வூதியம் இல்லை. அந்தக் குடும்பங்களுக்கும் மற்ற வீரர்களின் குடும்பத்துக்கு இணையான பயன் வேண்டும் என்று நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழுவே 2024-ல் பரிந்துரைத்தது. 2026 முடிவிலிருந்து முதல் அணியினரின் நான்காண்டு நிறைகிறது. ஒரே பதுங்குகுழியில், ஒரே எல்லையில் நின்ற இருவரில் ஒருவன் விதவைக்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியம், இன்னொருவன் விதவைக்குக் கிடையாது என்று பிரிப்பது எந்த அறத்திலும் நிற்காது. குண்டு இருவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு நேராகவே பதில் சொல்கிறோம். 2025-26-ல் பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி. அதில் ஓய்வூதியம் மட்டும் 1.60 லட்சம் கோடிக்கு மேல். சுமை பெரிதுதான், மறுக்கவில்லை. அந்தத் தொகையில் சீருடை அணியாத பாதுகாப்புத் துறை ஊழியரின் ஓய்வூதியமும் சேர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சுமையைக் குறைக்க நேர்மையான வழி நெடுநாளாக மேசைமேல் கிடக்கிறது. நாற்பதை எட்டும் சிப்பாயை மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கு மாற்றிப் பணி நீட்டிக்கலாம் என்று ஆறாவது ஊதியக் குழு 2008-லேயே சொன்னது. பயிற்சி வீணாகாது, ஓய்வூதியம் தள்ளிப் போகும், வீட்டில் சம்பளம் வரும். அதைச் செய்யாமல், எதிர்த்துப் பேச முடியாத இருபது வயதுப் பையன் தலையில் சிக்கனத்தை ஏற்றினார்கள்.

தமிழ்நாட்டு அரசுக்கும் நம் சொல் உண்டு. 1986-ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ பல ஆயிரம் வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. 2024 சுதந்திர நாளில் அறிவித்த ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் ஒரு கோடி ரூபாய் வரை கடனும், 30 விழுக்காடு மானியமும், 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் தருகிறது. நல்ல விதை. ஆனால் முதற்கட்டத்தில் 400 பேர். கடன் வாங்கித் தொழில் தொடங்கும் துணிவும் பின்பலமும் உள்ளவருக்கு அது உதவும். பார்ட் டூ ஆர்டரில் பெயர் இல்லாத கைம்பெண்ணுக்கு உதவாது. அவளுக்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு கணினி, அவள் பேசும் தமிழில் எழுதித் தரும் ஓர் ஆள். காஞ்சிபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அந்த அலுவலகம் மாதம் ஒருநாள் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் வர வேண்டும்; வாலாஜாபாத்துக்கும் உத்திரமேரூருக்கும் வர வேண்டும். ஆவண அலுவலகத்தோடு கடிதப் போக்குவரத்தை அந்த அலுவலகமே தன் பொறுப்பில் நடத்த வேண்டும். வெலிங்டனுக்கும் ஜபல்பூருக்கும் அந்தப் பெண்ணை அலைய விடக் கூடாது.

உத்திரமேரூர் என்றதும் அந்தக் கோயில் சுவர் நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவன். அவன் உறவினரும் தகுதியற்றவர் என்கிறது அந்தச் சாசனம். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு கிராமம் கல்லில் வெட்டிய நெறி இது. முன்னாள் படைவீரர் விஷயத்தில் நம் ஆட்சிகளை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். ஒதுக்கிய வேலையில் எத்தனை நிரப்பினாய்? எத்தனை கைம்பெண்களின் விண்ணப்பம் ஆறு மாதத்துக்கு மேல் கிடக்கிறது? எத்தனை ஊனமுற்றோர்மேல் மேல்முறையீடு போட்டாய்? மருத்துவமனைகளுக்கு எவ்வளவு பாக்கி? ஆண்டுதோறும் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் இந்த நான்கு கேள்விக்கும் கணக்கு வைக்க வேண்டும். கணக்கு வைக்காதவர்கள் அடுத்த ஆகஸ்ட் 15 அன்று வீரத்தைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறார்கள்.

ஊருக்கும் கடமை உண்டு. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் இரண்டு நாள் குடியரசு நாளும் சுதந்திர நாளும். தென்னேரியிலும் மற்ற ஊர்களிலும் அந்தக் கூட்டங்களில் ஒரு தீர்மானம் எழுதுங்கள்: நம் ஊரில் பட்டாளத்தில் இருந்தவர் யார், அவர் மனைவி யார், யாருக்கு ஓய்வூதியம் நின்றிருக்கிறது, யாருக்கு இன்னும் வரவேயில்லை. பெயர்ப் பட்டியலோடு அந்தத் தீர்மானம் ஆட்சியர் மேசைக்குப் போகட்டும். கொடியேற்றும் இடத்தில் ஒரு முதியவரை முன்வரிசையில் உட்கார வைப்பது நல்ல மரியாதை. அவர் கோப்பை எடுத்துக்கொண்டு அவரோடு காஞ்சிபுரம் பஸ் ஏறுவது அதைவிடப் பெரிய மரியாதை.

நம் தீர்ப்பு இது. தன் வீரனை நீதிமன்றப் படியேற வைக்கும் அரசு, அவன் சமாதியில் வைக்கும் மாலைக்கு மதிப்பில்லை. மேல்முறையீடுகளைத் திரும்பப் பெறுங்கள். ஒதுக்கிய வேலைகளை நிரப்புங்கள். அக்னிவீரருக்கு முன்னாள் படைவீரர் என்ற பெயரையும் மருத்துவத்தையும், அவர்களில் மடிந்தவரின் குடும்பத்துக்கு ஓய்வூதியத்தையும் கொடுங்கள். கல் நட்டாயிற்று, இனி நிலத்தை எழுதிக் கொடுங்கள்.